துண்டு போடுதல்

குன்றிமணிக்குள் இருக்கும் நஞ்சை
ஆய்வகத்தில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை.
'அது' என்போம்.
பெள்ளியப்பா மட்டும் 'அவன்' என்பான்,
வாடகை பாக்கி வைத்து ஓடியவனைச் சொல்வதுபோல.

ஹெப்பாள் மேம்பாலத்தைப் பார்த்த இரண்டாம் மாடி.
மூன்று வருடம்.
செல்லுக்குள் புரதம் நெய்கிற தறி ஒன்று உண்டு.
அதன் ஆயிரக்கணக்கான எழுத்துகளில்
ஒரே ஓர் எழுத்தைப் பிடுங்கிப் போடுகிறது அது.
தறி நின்றுவிடும்.
உடனே அடுத்த தறி. அதற்கடுத்தது.
நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல்,
கூலி கேட்காமல்.

பிடுங்கும் எழுத்தை வைத்துக்கொள்ள
அதன் உடம்பில் ஒரு குழி.
அந்தக் குழியில் முன்னதாகவே போய் உட்கார
ஒரு சின்ன மூலக்கூறு வேண்டும் எங்களுக்கு.
கோயம்பேட்டில் பஸ் உள்ளே வரும்போதே
ஜன்னல் வழியாகத் துண்டை எறிவார்களே,
அதேதான் என்றேன்.
'துண்டு எதற்கு, மடிக்கேரி பஸ்ஸில்
கைக்குட்டையே போதும்' என்றான் பெள்ளியப்பா.
அதன் பிறகுதான் சின்னதாகச் செய்யத் தொடங்கினோம்.

நாற்பத்தொன்று காற்றில் பறந்தது.
அறுபத்தேழு கச்சிதமாக உட்கார்ந்தது,
தண்ணீரில்தான் கரையவில்லை.
நூற்றுமூன்று கரைந்தது, பிடித்தது,
கடைசியில் செல்லைத் தானே கொன்றது.
துண்டு போட்டவனே பஸ்ஸைக் கொளுத்தினால்
எந்த நடத்துனரிடம் போய்ச் சொல்வது?

சதுர்த்திக்கு மறுநாள் ஓசூரிலிருந்து போன்.
டாக்டர் மங்கையர்க்கரசி, குழந்தைகள் வார்டு.
'ஏழு வயசுப் பையன். களிமண் பிள்ளையாரின்
ஒரு கண்ணைப் பெயர்த்து
வாயில் போட்டுக்கொண்டான்.
உங்களிடம் மருந்து இருப்பதாகச் சொன்னார்கள்.'

இருந்தது.
மைனஸ் எண்பது பெட்டியில்
நூற்றுமுப்பத்தெட்டு என்று எழுதி, கடுகளவு.
எலிக்குக்கூட இன்னும் கொடுத்ததில்லை.
'இல்லை டாக்டர்.'
அவர் கோபிக்கவில்லை.
போனை வைக்க மறந்து, பக்கத்தில் யாரிடமோ
மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார்:
கடிச்சானா? முழுங்கினானா?
கடிச்சானா?

அன்று இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.
தொண்ணூற்றாறு குழித் தட்டு.
தறி ஓடினால் மின்மினியின் வெளிச்சம் வரும்,
நின்றால் இருட்டு. அப்படித்தான் அளக்கிறோம்.
முதல் வரிசை முழுக்க இருட்டு.
இரண்டாவதும்.
நாலு மணிக்கு, லாரிகள் மேம்பாலம் ஏறும் நேரம்,
நூற்றுமுப்பத்தெட்டு இருந்த குழிகளில்
எண்கள் எழுந்தன,
பாதிக்கும் கொஞ்சம் மேலே.
யாரை எழுப்பிச் சொல்வது?
காபி இயந்திரத்திடம் சொன்னேன்.
அது சில்லறை கேட்டது.

மறுநாள் மதியம் திரும்பவும் அவர்தான்.
'வந்துவிட்டதம்மா. முழுசாக, கீறல்கூட இல்லாமல்.
முன்பல் நாலும் போன மாதம் விழுந்திருக்கிறது அவனுக்கு.
உருட்டிப் பார்த்திருக்கிறான்,
கடிக்க வரவில்லை, முழுங்கிவிட்டான்.
இருந்தாலும் மூன்று நாள் அனுப்ப மாட்டேன்.'
மருந்து பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லவில்லை.
'பிள்ளையார்?' என்றேன், என்ன பேசுவது என்று தெரியாமல்.
'ஒற்றைக் கண்ணோடு ஏரியில் கரைத்தாயிற்று.'

பெள்ளியப்பா கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தான்.
பிறகு நோட்டை இழுத்து
நூற்றுமுப்பத்தெட்டின் வரியில்
'மறுபடி செய்து பார்க்கவும்' என்று எழுதினான்.
இரண்டு முறை அடிக்கோடிட்டான்.

கீழே ஹாரன்.
பொம்மசந்திராவிலிருந்து கூரியர்,
ஐஸ் பாதி உருகிய டப்பா,
உள்ளே நூற்றுமுப்பத்தொன்பது.
கையெழுத்துப் போடப் பேனா கேட்டேன்.
'பேனாவெல்லாம் இல்லை மேடம்,
விரலால் போடுங்கள்' என்று
போனை நீட்டினான் பையன்.